மறு: விளையாட்டில் தன்னிடம் தானே சொல்லிக்கொள்வது – ‘நெஞ்சுரை’ சரிவருமா?

அன்புள்ள ஐயா, அக்கா, மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பயிற்சிக் கையேட்டில் ‘செல்ஃப் டாக்’ (self-talk) என்பதற்குத் தமிழ்ச்சொல் வரவேண்டிய இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் சுயபேச்சு, தற்பேச்சு, உட்பேச்சு, தற்கூற்று, மனவுரை. ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம், பிள்ளைகளுக்குப் புரியும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். புரியும்தான். ஆனால் அத்தியாயத் தலைப்பிலேயே அப்படிச் செய்வதென்றால் மற்ற பக்கங்களுக்கு நாம் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு முன்போ நடுவிலோ ஒருவர் தமக்குச் சொல்லிக்கொள்ளும் சொற்கள் இவை. வாய்விட்டும் வரலாம், ஓசையின்றியும் வரலாம். ஆய்வாளர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ‘முழங்கையைத் தூக்கு’, ‘மூச்சை விடு’ என்று உடம்புக்கு வேலை சொல்வது ஒன்று. ‘உன்னால் முடியும், இன்னும் கொஞ்சம்’ என்று தட்டிக்கொடுப்பது மற்றொன்று. ஹாட்ஸிஜார்ஜியாடிஸ் குழு 2011இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பலன் இருக்கிறது என்பதும், நுணுக்கமான அசைவு வேண்டிய இடங்களில் முதல் வகையே கூடுதலாக உதவுகிறது என்பதும் அதில் தெரிந்தன. 2014இல் பிளாஞ்ச்ஃபீல்டு குழு 24 பேரைக் களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தது. இரண்டு வாரம் ஊக்கச் சொற்களைப் பழகியவர்கள் தாக்குப்பிடித்த நேரம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடியது, பழகாதவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே நாம் பெயர் தேடுவது ஆறுதல் பேச்சுக்கு அல்ல, பழகிக் கைக்கொள்ளும் ஓர் உத்திக்கு.

இனிப் பரிந்துரைகள். தற்பேச்சில் தற்பெருமையின் வாடை அடிக்கிறது. சுயபேச்சு பழுதில்லாத சொல், ஆனால் சுயவிவரம், சுயசான்று வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தற்கூற்று நீதிமன்ற வாசலில் நிற்கிறது.

உட்பேச்சைக் கொஞ்சம் மரியாதையோடு விலக்க வேண்டும். குழந்தை வாய்விட்டுத் தனக்குத்தானே பேசுவது நாளடைவில் உள்ளே இறங்கி ஓசையற்ற பேச்சாகிறது என்றார் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்த ஓசையற்ற பேச்சுக்குத்தான் உட்பேச்சு பொருந்தும். அதை அங்கேயே விட்டுவைப்போம். நம்முடையது உள்ளும் புறமும் போய்வருவது. அக்கா அனுப்பிய கபடிக் காணொளியை இன்னொரு முறை பாருங்கள். பாடிப் போவதற்கு முன் அந்தப் பெண் நடுக்கோட்டருகே வலது காலை மணலில் தேய்க்கிறாள். உதடு அசைகிறது: ‘இடது மூலை, இடது மூலை.’ கோட்டைத் தாண்டியதும் வாய் கபடி கபடி என்று பாடப் போய்விடுகிறது. ஆனால் அவள் கண்ணும் காலும் இடது மூலையை விடவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர் என்று வைக்க முடியாது.

‘தனக்குத்தானே பேசுதல்’ என்று விரித்தே எழுதலாம் என்றார் தொண்டி நண்பர். வேறு மாவட்டமாக இருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். இங்கே ஒருவன் தனியாகப் பேசினால் ‘ஏர்வாடிக்குக் கூட்டிப்போ’ என்று கேலி செய்யும் வாய்கள் அதிகம். 2001இல் அங்கிருந்த மனநோயாளர் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்ட பிறகும் அந்தக் கேலி ஓயவில்லை என்பது நமக்கு வெட்கக்கேடு. பதினான்கு வயதுப் பையன் அதற்குப் பயந்தே உதட்டை இறுக்கிக்கொள்வான். மனவுரையிலும் எனக்கு இதே தயக்கம்தான்: மனநோய், மனஅழுத்தம், மனநல மருத்துவர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘மனம்’ என்று தொடங்கினாலே ஏதோ கோளாறு என்று படுகிறது.

என் பரிந்துரை ‘நெஞ்சுரை’.

திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று பெயர். பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை எதிரில் நிறுத்தி, நீ என்று விளித்துப் பேசுகிறாள். பழம்பெருமைக்காக இதை இழுக்கவில்லை. ‘நான்’ என்று நினைப்பதைவிடத் தன் பெயரையோ ‘நீ’யையோ வைத்துத் தன்னிடம் பேசுபவர்கள் பதற்றமான நேரத்தை நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று ஈதன் கிராஸ் குழு 2014இல் காட்டியது. 2019இல் 10 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் வைத்துப் பார்த்தபோதும் ‘என்னால்’ என்றபோதைவிட ‘உன்னால்’ என்றபோதே வேகம் கூடியது. தன், சுயம் என்று தொடங்கும் சொல் எதிலும் இந்த ‘நீ’ இல்லை. நெஞ்சைக் கூப்பிட்டாலே அது வந்துவிடுகிறது.

ஐயாவின் மறுப்பு இது:

> நெஞ்சுக்கு உரைப்பதா, நெஞ்சு உரைப்பதா? தொகையை விரித்தால் இரண்டும் வருகிறதே. கலைச்சொல்லுக்கு இது குறை.

இரண்டும் வரட்டும், ஐயா. கேட்காமலே நெஞ்சு எழுப்பும் பேச்சு, நாமே தேர்ந்தெடுத்து நெஞ்சுக்குச் சொல்லும் பேச்சு என்று விளையாட்டு உளவியல் துறைக்குள்ளேயே இரண்டைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். முதலாவதைக் கவனித்து இரண்டாவதைப் பழக்குவதுதான் பயிற்சி. அந்த அதிகாரத்தின் முதல் குறளிலும் தலைவி, என் நோய்க்கு மருந்தொன்று நினைத்துச் சொல்லமாட்டாயா என்று நெஞ்சைத்தானே கேட்கிறாள்? பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘எழும் நெஞ்சுரை’, ‘பழகிய நெஞ்சுரை’ என்று எழுதிக்கொள்ளலாம். முன்சொன்ன இரு வகைகளுக்கு ‘செய்முறை நெஞ்சுரை’, ‘ஊக்க நெஞ்சுரை’ போதும்.

‘நேர்மறை’யைத் தலைப்பிலேயே சேர்க்கச் சொல்பவர்களுக்கு மட்டும் நான் இணங்கமாட்டேன். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்; 1966இல் மிகிர் சென்னும் 1994இல் குற்றாலீஸ்வரனும் நீந்திக் கடந்த நீரிணை அது. நடுவில் நீந்துபவன் ஒருவனுக்குச் சொறி மீன் பட்டுத் தோள் எரிகிறது என்று வையுங்கள். ‘எனக்கு வலிக்கவே இல்லை’ என்றால் அவன் நெஞ்சே அதை நம்பாது. ‘எரிகிறது, சரி, அடுத்த இருபது கைவீச்சை எண்ணு’ என்பதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை, ஆனால் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. தன்மதிப்புக் குறைந்தவர்கள் தம்மைப் பாராட்டும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்தார்கள் என்பது ஜோவான் வுட் குழுவின் 2009ஆம் ஆண்டு ஆய்வில் வந்த முடிவு. கையேட்டில் ‘நான் சிங்கம்’ வகை வாசகங்களைக் குறைத்து, பிள்ளைகள் களத்தில் செய்யவேண்டியதைச் சொல்லும் வாசகங்களைக் கூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பது, ‘இடது மூலை’ போல ஓரிரு சொல்லில் முடியும் சுருக்க வடிவத்துக்குப் பெயர். குறிச்சொல்லைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘பிடிசொல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.

அக்கா, ஓர் உதவி. விளக்கம் எதுவும் சொல்லாமல் ‘நெஞ்சுரை’ என்று மட்டும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி, என்ன புரிகிறது என்று கேட்டு எழுதுங்கள். நெஞ்சுவலி மாத்திரையா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டால், தயக்கத்தை விட்டுவிட்டு மனவுரைக்கே கைதூக்குகிறேன்.

அன்புடன்,
உச்சிப்புளியிலிருந்து