கறுத்தக்கொழும்பானை ஒட்டலாம், ஆட்டை ஏன் ஏலாது?

பனங்காய்:
போன கிழமை என்ர மறி செத்துப்போச்சு. நாளுக்கு மூண்டு போத்தல் பால் தந்த சீவன். கறுத்தக்கொழும்பான் கிளையை வெட்டி ஒட்டினா அச்சொட்டா அதே மாம்பழம். ஆட்டில மட்டும் ஏன் ஏலாது? ஒரு ஆட்டின்ர கலத்தில இருந்து அச்சொட்டா அதே ஆட்டை உண்டாக்கிறதைக் குளோன் எண்டு சொல்லுறவை. 1996இல அப்பிடிப் பிறந்த டொலி எண்ட செம்மறிக்கு 277 முட்டைக்கலம் செலவழிஞ்சதாம். கைப்பழக்கம் போதாது, வேறொண்டுமில்லை.

சுன்னாகத்தான்:
ஓம் அண்ணை. ஊசியால முட்டையின்ர கருவை, மரபணு இருக்கிற நடுப்பகுதியை, உறிஞ்சி எடுக்கேக்க முட்டை நசியாமல் என்ன செய்யும்?

வேப்பங்குழை:
நசிஞ்சது சரி. ஆனா அந்த 277இல 29 முளையம் (வளரத் தொடங்கின சிசு) தேறினதே! அதுகளை 13 செம்மறியளுக்குள்ள வைச்சாப் பிறகு ஊசிக்கு வேலையில்லை. அங்கையும் 28 போச்சு. அதுக்கு ஆரின்ர கைப்பழக்கத்தைக் குறை சொல்லுறது?

மாங்கிளை கிளையாத்தான் வளருது அண்ணை. ஆட்டில அதுக்குச் சமன், காதை வெட்டி இன்னொரு ஆட்டில தைக்கிறது. டொலி வந்தது மடிக்கலத்தில இருந்து. தேவையில்லாத மரபணுக்களை எல்லாம் பூட்டி, மெதைல் எண்ட வேதிக் குறி போட்டு வைச்சிருக்கிற கலம் அது. அந்தக் கலத்தின்ர கருவை உள்ள வைச்ச முட்டை, கொஞ்ச நேரத்துக்குள்ள அந்தப் பூட்டுகளைத் திறக்கோணும். பாதி திறபடாது.

சுன்னாகத்தான்:
கிழட்டு டி.என்.ஏ எண்டபடியால்தானே டொலி ஆறு வயசில செத்தது?

வேப்பங்குழை:
இல்லை. வைரசால வாற நுரையீரல் கட்டி. 2003இல ஊசி போட்டுச் சாக விட்டவை. அதே கலங்களில பிறகு பிறந்த நாலு செம்மறி சுகமா முதுமைக்கு வந்ததெண்டு 2016இல ஆய்வு வந்தது.

குளோனில கூடுதலாப் பிழை வாறது இளங்கொடியில, அதாவது நஞ்சுக்கொடியில. எங்கட வீட்டில மாடு கண்டு போட்டா அதைப் பையில கட்டி ஆலமரத்தில தூக்குவம். கட்டேக்க பாத்திருப்பியள், உருண்டை உருண்டையா நிறையத் திரளும். குளோன் மாட்டில அந்த உருண்டை குறைவு, இருக்கிறதும் வீங்கிப் பெருத்திருக்கும். கண்டுக்குச் சாப்பாடு சரியாப் போகாது. சிலது வயித்துக்குள்ளையே செத்துப்போகும், சிலது அளவுக்கு மிஞ்சிப் பெருத்துப் பிறக்கும்.

பனங்காய்:
2018இல சீனாக்காரர் குரங்கையே குளோன் செய்ததா அறிவிச்சவையெல்லோ! அது கைப்பழக்கம் இல்லையோ?

வேப்பங்குழை:
பூட்டுத் திறக்கிற நொதியையும் சேர்த்துத்தான் செய்தவை. அப்பவும் 79 முளையத்தை 21 தாய்க்குரங்குகளில வைச்சு, உயிரோட நிண்டது ரெண்டு குட்டி.

பனங்காய்:
இண்டைக்கு ரெண்டு, நாளைக்கு இருபது. பூட்டுத் திறக்கிறதும் பழகினா வாறதுதான் தங்கச்சி, நான் விடமாட்டன். செத்த மறியின்ர பெட்டைக் குட்டியொண்டு நிக்குது, கத்துது. குழை வெட்டிப்போட்டு வாறன்.