ஆர்குட் வருகைக் கணக்கு: பழைய பிரவுசிங் சென்டர் பதிவுகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். 2010 ஜூலையில் இந்தியாவில் ஃபேஸ்புக்குக்கு 2.09 கோடி பேர், ஆர்குட்டுக்கு (கூகுளின் பழைய சமூக வலைத்தளம்) 1.99 கோடி பேர் வந்ததாக, இணையப் பார்வையாளர்களைக் கணக்கிடும் காம்ஸ்கோர் நிறுவனம் சொன்னது. ஆர்குட் பின்தங்கியதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதில் வீடு, ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மட்டும்தான். பிரவுசிங் சென்டரும் மொபைலும் சேராது. சென்டரில் உட்கார்ந்து ஸ்கிராப் (ஆர்குட்டில் நண்பர்களின் பக்கத்தில் எழுதும் செய்தி) எழுதிய சென்னை மாணவர்கள் கணக்கிலேயே இல்லை. இவ்வளவு சின்ன இடைவெளி, அவர்களைச் சேர்த்தால் புரண்டுவிடக்கூடும். இணையதளங்களை வரிசைப்படுத்திய அலெக்சா தரவரிசையும் இதற்கு உதவாது, அது ஆள் எண்ணிக்கை அல்ல.

2008–2010 காலத்தில் சென்னையில் சென்டர் நடத்தியவர்களிடம் ஸ்குவிட் பிராக்சி லாக் (சென்டரின் மெஷின்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போயின என்று ஸ்குவிட் மென்பொருள் எழுதிவைக்கும் பதிவு) இருந்தால் தாருங்கள். தேதி, நேரம், மெஷின் ஐபி (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி எண்), தளத்தின் பெயர் போதும். வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிடுங்கள். கூடவே சிஸ்டம் வாரியான நேரப் பதிவேடும் வேண்டும். ஒரே மெஷினில் நாளெல்லாம் பலர் உட்காருவதால், ஐபியை மட்டும் எண்ணினால் ஆள் கணக்கு குறைந்துவிடும்.