அமெரிக்கக் காங்கிரஸில் மிதவாதிகள் ஏன் காணாமல் போனார்கள்?

கேள்வி: காங்கிரஸின் கீழவையில் 435 இடம். லிபரலுக்கும் கன்சர்வேட்டிவுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? மக்களே அப்படிப் பிளந்துவிட்டார்களா?

பதில் 1: பிரைமரியைப் பாருங்க, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல். பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் பொதுத்தேர்தல் முடிவு முன்னமே தெரிந்ததுதான். நிஜப் போட்டி கட்சிக்குள். அங்கே ஓட்டுப்போட வருவது கொஞ்சம் பேர், அதுவும் பிடிவாதக்காரர்கள். எதிர்க்கட்சி மசோதாவுக்குக் கை தூக்கினால் அடுத்த பிரைமரியில் சொந்தக் கட்சியிலேயே போட்டியாளர் முளைப்பார்.

பதில் 2: ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவதும் காரணம். 2019-இல் உச்ச நீதிமன்றம் அது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று கைகழுவியது. ஆனால் முழுப் பழியும் அதன்மேல் போடாதீங்க. மேலவையான செனட்டில் மாநிலமே தொகுதி, வளைக்க வழியில்லை. அங்கேயும் இதே பிளவுதான்.

பதில் 3: மிதவாதி தப்பிக்க வழி உண்டு. அலாஸ்கா மாநில முறை பாருங்க: எல்லாக் கட்சிக்கும் ஒரே பிரைமரி, முதல் நால்வர் நவம்பருக்கு, அங்கே விருப்ப வரிசை ஓட்டு (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது). 2021-இல் செனட்டின் பதவிநீக்க விசாரணையில் சொந்தக் கட்சி டிரம்ப்பையே குற்றவாளி என்று வாக்களித்த அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் முர்கோவ்ஸ்கி 2022-இல் ஜெயித்தது இதில்தான்.