புதுப்பிப்பு: தினமும் மூன்று மணி நேரப் பயணம், அந்த வேலைக்குப் போனேனா?

சம்பளம் 30 சதவீதம் அதிகம், ஆனால் போக வர மூன்று மணி நேரம், அந்த வேலையை ஏற்கலாமா என்று நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை நாளில், சரியாக அலுவலக நேரத்தில், போய்ப் பார்த்தேன். கைப்பேசி வரைபடம் 70 நிமிடம் என்றது. வீட்டைப் பூட்டியதிலிருந்து அந்த வாசலை மிதிக்கும் வரை 90 நிமிடம். கூட்டத்தில் ஏற முடியாமல் ஒரு ரயிலை விட்டது வரைபடத்துக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் கணக்கு. பழைய இடத்தில் வேலை 8, பயணம் 1, ஆக 9 மணி நேரம். புதிதில் 11. சம்பளத்தை அந்த நேரத்தால் வகுத்தால் 30 சதவீத உயர்வு சுமார் 6 ஆகச் சுருங்கியது, பயணச் செலவைக் கழிக்காமலே. மாதம் 22 நாளுக்குக் கூடுதலாக 44 மணி நேரம். அத்தனையும் என் மகளோடு இருக்கும் நேரம்.

சரி, மறுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "கேட்டுத்தான் பாருங்களேன்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். கேட்டேன். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று சம்மதித்தார்கள். நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கினேன். இரண்டாவது மாதமே மேலாளர் மாறினார். வெறும் வாய்வார்த்தையாக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அலுவலகம் போகும் நாட்களில் திரும்பும்போது மகள் பாதித் தூக்கத்தில் கையை மட்டும் நீட்டுவாள். மற்ற இரண்டு நாள் அவளுக்குத் தலை வாரிவிட்டு நானே பள்ளியில் விடுகிறேன். இப்போதைக்குத் தொடர்கிறேன்.