இரட்டை கோர் ஸ்விட்ச் இருந்தும் ஊர்ந்துசென்ற அலுவலக நெட்வொர்க்: உங்கள் அனுபவம் என்ன?

கிண்டியில் ஒரு தணிக்கை அலுவலகத்தின் நெட்வொர்க் பராமரிப்பை முந்தைய ஒப்பந்ததாரரிடமிருந்து நாங்கள் ஏற்றபோது, ஒவ்வொரு தளத்து ஸ்விட்சிலிருந்தும் இரண்டு கோர் ஸ்விட்ச்களுக்கும் (எல்லாத் தளங்களையும் இணைக்கும் மைய ஸ்விட்ச்கள்) தனித்தனி ஜிகாபிட் ஃபைபர் இழுக்கப்பட்டிருந்தது. இருந்தும் ஃபைல் சர்வரிலிருந்து எதை எடுத்தாலும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இணைப்புகள் வளையமாகச் சுற்றாதபடி உபரி வழிகளை முடக்கிவைக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் விவரத்தைத் திறந்து பார்த்தால், வரவேற்பறைக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்தான் ரூட்டாக, அதாவது எல்லா வழிகளும் கணக்கிடப்படும் மையமாக, அமர்ந்திருந்தது. எல்லாக் கருவிகளிலும் ரூட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை எண் (சிறியதே வெல்லும்) ஆலையிலிருந்து வந்த 32768 ஆகவே விடப்பட்டிருந்ததால், மிகச் சிறிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) கொண்ட அந்தக் கிழட்டுக் கருவி தேர்தலில் வென்றுவிட்டது. அதற்கு இரண்டு கோர்களிலிருந்தும் நேரடி இணைப்பு இருந்தது. ரூட்டை அடைய அந்த வழியின் செலவு மதிப்பு 19, மற்றொரு கோர் வழியாகச் சுற்றினால் 23; குறைந்ததுதான் தேர்வாகும். ஆகவே கோர்களுக்கு இடையிலான ஜிகாபிட் இணைப்பு முடக்கப்பட்டு, தளங்கள் அனைத்தும் முதல் கோரிலும் சர்வர் இரண்டாவதிலும் இருந்த நிலையில், அலுவலகத்தின் மொத்தப் போக்குவரத்தும் அந்தப் பழைய பெட்டிக்குள் புகுந்து வெளிவந்தது. கோர்களுக்கு 4096, 8192 என்று முன்னுரிமை கொடுத்தவுடன் வேகம் மீண்டது. கூடவே ஸ்பானிங் ட்ரீயின் பழைய 802.1டி முறையிலிருந்து, மாற்று வழியை விரைவாகத் திறக்கும் ரேப்பிட் முறைக்கும் மாறினோம். பழைய முறையில் ஓர் இணைப்பு அறுந்தால் மாற்று வழி திறக்க 30 முதல் 50 நொடிகள் ஆகும், தொலைபேசி அழைப்புகள் அதற்குள் துண்டிக்கப்பட்டுவிடும். சனிக்கிழமை மாலை அனைவரும் கிளம்பிய பிறகு ஒரு ஃபைபரைக் கையால் உருவிப் பார்த்தோம். இணைப்பைச் சோதிக்க ஓடிக்கொண்டிருந்த பிங் ஒரேயொரு முறைதான் தவறியது.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:
எங்கள் இடத்தில் ஸ்விட்ச்கள் இரண்டு, அவை ஒவ்வொன்றிலும் பவர் சப்ளை இரண்டு. ஆனால் நான்கு மின்கம்பிகளும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகப்பட்டிருந்தன. பேட்டரி படுத்த அன்று எல்லாமே ஒன்றாகப் படுத்தன. இப்போது ஒரு சப்ளை யூபிஎஸ்ஸிலும் மற்றொன்று நேரடி மின்சாரத்திலும் ஓடுகின்றன.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:
கோர்களை ஸ்டாக் செய்தால், அதாவது ஒரே ஸ்விட்சாக இயங்கும்படி பிணைத்தால், ஸ்பானிங் ட்ரீ தொல்லை பெருமளவு குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் மாடலில் ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது ஸ்டாக் முழுவதும் ஒன்றாக ரீபூட் ஆகிறது என்பதால், இரவில் நேரம் ஒதுக்காமல் அந்தப் பக்கமே போக முடியாது. அடுத்த கிளைக்குத் தனித்தனி மூளையுடன் இயங்கியபடியே, இணைப்புகளுக்கு ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும் எம்லாக் ஜோடியைத்தான் கேட்டிருக்கிறோம்.