நார்அட்ரினலின் கொடுத்தால் துடிப்பு ஏன் இறங்குகிறது?

கேள்வி (எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு):
அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டுமே இதயத்தைத் தூண்டும் பீட்டா-1 ஏற்பியைத் தூண்டுபவைதான். தனியே எடுத்து லாங்கென்டார்ஃப் முறையில் (இதயத்தின் சொந்தக் குழாய்களில் ஊட்டத் திரவம் செலுத்தி) தொங்கவிட்ட முயல் இதயத்தில் இரண்டும் துடிப்பை ஏற்றுகின்றன. மயக்கிய நாயின் பதிவிலோ நார்அட்ரினலினுக்கு அழுத்தம் ஏறி, துடிப்பு இறங்குகிறது. ‘ரிஃப்ளெக்ஸ்’ என்ற ஒரே சொல்லோடு நோட்ஸ் முடிந்துவிடுகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எப்படிச் சொல்வது?

பதில் 1 (மருந்தியல்):
தொங்கவிட்ட இதயத்துக்கு வேகஸ் (துடிப்பைக் குறைக்கும் நரம்பு) கிடையாது, நாய்க்கு உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள். நார்அட்ரினலின் ஆல்ஃபா-1 ஏற்பி வழியாக இரத்தக் குழாய்களை இறுக்கும். குழாய்களை விரிக்கும் பீட்டா-2 ஏற்பி மேல் அதற்குப் பிடிப்பு மிகக் குறைவு; எனவே தசைக் குழாய்கள் விரிந்து ஈடுகட்டாது, சராசரி அழுத்தம் எகிறும். கழுத்துத் தமனியின் கரோட்டிட் சைனஸிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் முகுளத்துக்குத் தகவல் சொல்ல, வேகஸ், துடிப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஏ. கணுவை அடக்கிவிடும்; இதுதான் அந்த ரிஃப்ளெக்ஸ். மனிதரில் நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் சொட்டுமருந்தாக ஏற்றினாலே இது தெரியும். அதே வேகத்தில் அட்ரினலின் ஏற்றினால் டயஸ்டாலிக் (இதயம் தளரும்போதைய அழுத்தம்) இறங்கும், சராசரி பெரிதாக மாறாது. வேகஸுக்கு வேலையில்லை; துடிப்பு ஏறும்.

சோதனை கேட்டால்: முதலில் வேகஸின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின், பிறகு அதே அளவு நார்அட்ரினலின். இப்போது துடிப்பு ஏறும்.

கேள்வி கேட்டவர்:
அப்போ சுருங்கும் விசையும் குறையணுமே?

பதில் 1:
குறையாது. வேகஸ் இழைகள் கணுக்களிலும் மேலறைகளிலும்தான் அடர்த்தி, கீழறைத் தசையில் சொற்பம். அங்கே பீட்டா-1 தன் போக்கில் வேலை செய்யும்: செல்லுக்குள் தகவல் கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடும், அது தூண்டும் பி.கே.ஏ. நொதி எல்-வகை கால்சியம் வாயில்களைத் திறக்க வைக்கும். கால்சியம் திரும்ப உள்ளிழுக்கப்படுவதைத் தடுத்துவைக்கும் ஃபாஸ்ஃபோலாம்பான் புரதத்தின் கட்டுப்பாடும் தளர்வதால் கால்சியம் சீக்கிரம் செல்லின் கால்சியம் சேமிப்பறைக்குத் திரும்பும். அதனால் சுருக்கம் பலமாகும், தளர்வும் வேகமாகும். இந்தத் தளர்வை நிறையப் பேர் எழுத மறந்து மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பதில் 2 (மயக்கவியல்):
தியேட்டரில் தினசரிக் கதை இது. ஸ்பைனலுக்கு (முதுகில் போடும் மரப்பு ஊசிக்கு) பின் அழுத்தம் விழ, ஆல்ஃபா-1-ஐத் தூண்டும் ஃபினைலெஃப்ரின் 100 மைக்ரோகிராம் போடுவோம். அழுத்தம் ஏறியதும் துடிப்பு 50-க்குக் கீழே போகலாம். ஃபினைலெஃப்ரினுக்குப் பீட்டா வேலை அநேகமாக இல்லை என்பதால் ரிஃப்ளெக்ஸ் இன்னும் பளிச்சென்று தெரியும். அழுத்தம் நன்றாக இருக்கும்போது துடிப்பு எண்ணை மட்டும் பார்த்து அட்ரோபினை ஏற்றாதீர்கள். வேகஸ் பிடி விட்டதும் அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகக்கூடும். மருந்தை நிறுத்தி, ஓரிரு நிமிடம் பாருங்கள். துடிப்பு, அழுத்தம் இரண்டும் சேர்ந்து விழுந்தால் கதை வேறு. அங்கே அட்ரோபின், எஃபெட்ரின் (துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும் மருந்து) தேவை. பெரியவர்களுக்கு அட்ரோபின் 0.5 மி.கி.-க்குக் குறைவாகப் போட்டால் துடிப்பு முதலில் இன்னும் இறங்கலாம்.

பதில் 3:
மாற்று இதயம் பொருத்தியவரை யோசியுங்கள். நரம்புகள் வெட்டப்பட்டதால் ஓய்விலேயே துடிப்பு 90–100. அட்ரோபினுக்கு அசையாது, நார்அட்ரினலினுக்கு ஏறும். உங்கள் முயல் இதயம்தான், மனிதரின் மார்புக்குள்.

பதில் 1:
அடுத்து ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைப் பற்றிக் கேட்பார்கள். வேகஸ் உள்ளிட்ட தன்னியக்க நரம்புகளின் முடிச்சையே அது அடைப்பதால் நார்அட்ரினலினுக்குத் துடிப்பு இறங்காது, அழுத்தமும் முன்னைவிட அதிகம் ஏறும்.