கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் ஷேர் காலியாகத் தெரிகிறது, அவசர உதவி வேண்டும்

மண்ணடி ஆபீஸ், மாலை 4.05
வணக்கம். மண்ணடியில் ஒரு சின்ன கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டும் என் பொறுப்பு. எங்கள் தெருவில் இன்று பராமரிப்புக்காக 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் இல்லை. யூபிஎஸ் தாங்காமல் சர்வர் அணைந்துவிட்டது. சர்வரில் உபுண்டு 22.04 (லினக்ஸ்), சாம்பா ஷேர் (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் சிஸ்டங்களுக்குப் பகிரும் மென்பொருள்), எல்லா சிஸ்டத்திலும் இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். 2.30க்கு ஆன் செய்ததிலிருந்து ஐந்து சிஸ்டத்தில் இசட் டிரைவ் திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு சிஸ்டத்தில் 0x80070035, நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்கிறது. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கு கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்), இன்வாய்ஸ் ஸ்கேன் எல்லாம் அதில்தான். ஐந்து வருஷம் பாதுகாத்து வைக்க வேண்டிய ரெக்கார்டு. கை நடுங்குது.

காசிமேடு, 4.11
சாம்பா சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஃபயர்வாலில் 445 போர்ட் (ஷேர் வேலை செய்யற வழி) திறந்திருக்கா? எங்க பக்கம் உப்புக் காத்துல சாட்டா கேபிள் பின் பச்சை பிடிச்சிடும், ஹார்ட் டிஸ்க்கே தெரியாது. கழட்டித் துடைச்சு மாட்டுங்க.

வியாசர்பாடி, 4.16
தம்பி, எதையும் கழட்டாதே. ஐந்து சிஸ்டத்துல டிரைவ் திறக்குதுன்னா 445, சர்வீஸ் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. முதல்ல எல்லார்கிட்டயும் சொல்லு, இசட் டிரைவ்ல யாரும் எதுவும் சேவ் பண்ணக்கூடாது. அப்புறம் அந்த டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ்ல மொத்த அளவு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு. டேட்டா டிஸ்க் எத்தனை டிபி?

மண்ணடி ஆபீஸ், 4.20
டேட்டா டிஸ்க் 4 டிபி அண்ணா. இங்கே 218 ஜிபி காட்டுது. ஸ்கேன் பண்ற பொண்ணு ஏற்கனவே ஒரு முப்பது ஃபைல் சேவ் பண்ணிட்டாங்க.

வியாசர்பாடி, 4.24
அப்போ பயப்படாதே, ஃபைல் அழிஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. 4 டிபி டிஸ்க்னா விண்டோஸ்ல 3.6 டிபி வரணும். 218ன்னா அது உபுண்டு இருக்கிற 240 ஜிபி எஸ்எஸ்டியோட அளவா இருக்கும். டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகல, அதாவது சிஸ்டம் அதை ஃபோல்டரோட இணைக்கல. அது உட்கார வேண்டிய வெறும் ஃபோல்டரை சாம்பா அப்படியே ஷேர் பண்ணிட்டு இருக்கு. எல்எஸ்பிஎல்கே (lsblk, டிஸ்க் பட்டியல் காட்டும் கமாண்ட்) போட்டுப் பாரு, எஃப்எஸ்டேப்ல (fstab, எந்த டிஸ்க் எந்த ஃபோல்டர்ல ஏறணும்னு எழுதின ஃபைல்) அந்த டிஸ்க் வரியையும் பாரு. புதுசா ஏதாவது மாட்டினீங்களா?

தண்டையார்பேட்டை, 4.27
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இது முக்கியம். ராத்திரி பேக்கப் தானாக ஓடுமா? மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கும் ஆப்ஷன் போட்டிருந்தால், காலி ஃபோல்டரைப் பார்த்து பேக்கப் முழுவதையும் அழித்துவிடும். இப்போதே நிறுத்துங்கள். போன வருஷம் தெரிந்த ஒரு கடையில் இப்படித்தான் கணக்கு மொத்தமும் போனது.

மண்ணடி ஆபீஸ், 4.35
8 மணிக்கு ஓடும், அந்த ஆப்ஷனும் இருக்கு! நிறுத்திட்டேன், ரொம்ப நன்றி சார். அண்ணா, வெள்ளிக்கிழமைதான் பேக்கப்புக்குப் புது யூஎஸ்பி டிஸ்க் மாட்டினோம். எஃப்எஸ்டேப்ல டேட்டா டிஸ்க்குக்கு எஸ்டிபி1னு (sdb1) இருக்கு, கூடவே நோஃபெயில் (nofail). இப்போ எஸ்டிபி அந்த யூஎஸ்பி டிஸ்க், டேட்டா எஸ்டிசி ஆயிடுச்சு.

வியாசர்பாடி, 4.43
அதேதான். எஸ்டிபி, எஸ்டிசிங்கிற பேரு ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம், அதை நம்பி எழுதக்கூடாது. எஃப்எஸ்டேப் லினக்ஸ் ஃபார்மேட்டான ஈஎக்ஸ்டி4ன்னு எதிர்பார்த்தது, யூஎஸ்பி விண்டோஸ் ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்ஸா இருந்திருக்கும், மவுண்ட் தோத்துப்போச்சு. நோஃபெயில் இருந்ததால சிஸ்டம் நிக்காம மேல போயிடுச்சு.

இப்போ சாம்பாவை நிறுத்து. பிஎல்கேஐடி (blkid) கமாண்ட் போட்டு டேட்டா டிஸ்க்கோட யூயூஐடியை (UUID, மாறாத அடையாள எண்) எடுத்து எஃப்எஸ்டேப்ல எஸ்டிபி1 இருக்கிற இடத்துல எழுது. ஆனா மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்த முப்பது ஃபைலை வேற ஃபோல்டருக்கு நகர்த்திடு. இல்லன்னா மவுண்ட் ஆன டிஸ்க்குக்கு அடியில மறைஞ்சிடும், காணோம்னு தேடுவாங்க. ஃபோல்டர் காலியானதும் சிஹெச்அட்டர் பிளஸ் ஐ (chattr +i) கமாண்ட் போட்டுப் பூட்டு. இனிமே டிஸ்க் ஏறலன்னா அதுல ரூட் (அட்மின்) கூட ஃபைல் எழுத முடியாது, சேவ் பண்றவங்களுக்கு உடனே எரர் வரும். அப்புறம் மவுண்ட் பண்ணிட்டு சாம்பாவை ஆன் பண்ணு.

தண்டையார்பேட்டை, 4.50
சாம்பாவின் சிஸ்டம்டி யூனிட்டில் (சர்வீஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் (RequiresMountsFor) என்ற வரியையும் சேர்த்து, ஷேர் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் ஏறாவிட்டால் சாம்பாவே தொடங்காது. காலி ஃபோல்டரைக் காட்டுவதைவிட எரர் காட்டுவது எவ்வளவோ மேல். அந்த இரண்டு சிஸ்டத்தில் மட்டும் ஐபி நம்பரால் மேப் செய்திருக்கிறீர்களா?

மண்ணடி ஆபீஸ், 5.40
ஆமாம் சார், அந்த ரெண்டும் 192.168.1.10ன்னு மேப் பண்ணது. ரௌட்டரும் அணைஞ்சு வந்ததுல சர்வருக்கு 192.168.1.14 கிடைச்சிருக்கு. ரௌட்டர்ல சர்வருக்கு 10ஐ நிரந்தரமா ஒதுக்கிட்டேன், ரெண்டும் திறக்குது.

டிஸ்க் மவுண்ட் ஆச்சு அண்ணா, பழைய ஃபோல்டர் எல்லாமே இருக்கு. பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு. நகர்த்தி வச்ச முப்பதுல நாலு ஃபைல் பேரு ஏற்கனவே அங்க இருந்தது, அதை மட்டும் இன்றைய தேதி சேர்த்து வேற பேர்ல போட்டேன்.

வியாசர்பாடி, 5.46
நல்லது பண்ணே. எல்லாரும் கிளம்பினதும் யூஎஸ்பி டிஸ்க்கை மாட்டினபடியே ஒரு தடவை நீயே ரீபூட் பண்ணிப் பாரு. அது சரியா வந்தா மட்டும் பேக்கப்பைத் திரும்ப ஆன் பண்ணு.

மண்ணடி ஆபீஸ், இரவு 7.25
ரெண்டு தடவை ரீபூட் பண்ணேன். ஒரு தடவை டேட்டா எஸ்டிபி, இன்னொரு தடவை எஸ்டிசி. ரெண்டு தடவையும் இசட் டிரைவ் 3.6 டிபி. பேக்கப் ஆன் பண்ணிட்டுக் கிளம்புறேன்.